அடியும் வரியும்: மடிந்த வரிக்கு இடும் ஓரச் சின்னங்கள் பற்றிய ஒரு நோக்கு

அடி வேறு, வரி வேறு. அடி பாவுக்கு உரியது; வரி அப்பா எழுதப்படும் பரப்புக்கு உரியது. எழுத்து அசையாகி, அசை சீராகி, சீர் தளையால் இணைந்து அடியாகும் என்பது யாப்பு நூலார் கொண்ட முறை. ஓலையின் நீளமோ, கல்லின் அகலமோ, அச்சுத்தாளின் அளவோ அவ்வரையறையில் இடம்பெறவில்லை. எனினும் வாசகரின் கண் முதலிற் காண்பது அடியை அன்று, வரியையே. வரியைக் கண்டு அடியை உய்த்துணர்வது வாசிப்பின் முதற் பணியாகின்றது. அவ்வுணர்வு பிழைக்குமாயின் பின்வரும் சுவையும் பொருளும் பிழைபட இடமுண்டு.

இப்பழைய வேறுபாடு இன்று கணினித் திரையில் மீண்டும் தலைதூக்கியுள்ளது. உரைத்தொகுப்பி எனப்படும் செயலியில் ஒருவர் தட்டெழுதும் வரி திரையின் அகலத்தை மீறும்போது, எஞ்சிய பகுதி தானாகவே கீழே சென்று அமர்கின்றது. இதனை வரிமடிப்பு எனலாம். இங்கு எழுதியவர் வரியை முறிக்கவில்லை, திரையே முறித்துள்ளது. இவ்வேறுபாட்டை உணர்த்தும்பொருட்டுச் சில தொகுப்பிகள் திரையின் ஓரத்தில் மிகச் சிறிய சின்னமொன்றை வரைகின்றன. எட்டுப் புள்ளி அகலத்துள் அடங்கும் அம்பு, கொக்கி, கோடு என்பன அவை. இவற்றை வடிவமைப்பது கணினி நிரலாளரின் சில்லறைப் பணி எனக் கருதுவோர் பலர். ஆயின் அச்சின்னம் விடையளிக்க முயலும் வினா சில்லறையானதன்று. முறிவு யாருடையது? ஆசிரியருடையதா, பரப்பினுடையதா? இவ்வினாவைத் தமிழ் எழுத்து மரபு எவ்வாறு எதிர்கொண்டது என்பதனையும், இன்றைய சின்னங்கள் தமிழுக்கு எந்த அளவிற் பொருந்துகின்றன என்பதனையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லும் ஓலையும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்ச் சாசனம் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையைக் கூறுவது. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963 இல் இதனை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அயல்நாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து கூடவேண்டும் என்றும், அவர்கள் பாதுகாக்கப்படல் வேண்டும் என்றும் அச்சாசனம் விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிபப் பண்டம் ஏற்றிய மரக்கலம் உடைந்தாற் பாதிக்குப் பாதி. கடலோடு வாழ்ந்த தீவகத்தில் இச்சொற்களின் கனதி விளங்கிக்கொள்ளத்தக்கது. ஒரு சொல் மாறினால் ஒரு வணிகனின் பொருள் மாறும்.

இத்தகைய கனதியுடைய சொற்களைக் கல்லிற் பொறித்தோர் வரியைப் பற்றி எத்தகைய கவலை கொண்டனர்? பொதுவாகக் கல்வெட்டுகளை நோக்குமிடத்து, கல்லின் விளிம்பு எங்கு வருகின்றதோ அங்கு வரி முறிகின்றது. ஒரு சொல்லின் முற்பாதி மேல்வரியிலும் பிற்பாதி கீழ்வரியிலும் நிற்பது இயல்பு. எகர ஒகரக் கொம்பு மேல்வரியின் ஈற்றிலும் அதற்குரிய மெய்யெழுத்து கீழ்வரியின் முதலிலும் நிற்கும் இடங்களும் உண்டு. முறிவைக் காட்டும் குறியெதனையும் சிற்பி இடுவதில்லை. கல்வெட்டின் உரைநடையில் வரிக்குத் தனிப்பொருள் இல்லை என்பதே இதற்குக் காரணம். வாசிப்போன் சொல்லைத் தொடர்ந்து கூட்டிப் படிப்பான் என்ற நம்பிக்கை அங்கு இருந்தது.

பிற்காலப் பதிப்பாளருக்கு அந்நம்பிக்கை போதவில்லை. சாசனத்தை அச்சிற் பெயர்க்கும் தொல்லியலாளர் மூலத்தின் ஒவ்வொரு வரிக்கும் எண்ணிடுவர். அவ்வெண் சாசனத்தின் பகுதியன்று. எழுத்துக்குப் புறத்தே நிற்பது. கல் எங்கு முறிந்தது என்பதை அது சொல்கின்றது. மன்னன் சொன்னதில் எதையும் கூட்டுவதில்லை. உரைத்தொகுப்பியின் ஓரச் சின்னத்துக்கு மிக நெருங்கிய உறவு இவ்வரியெண்ணே எனலாம். பனுவலைத் தீண்டாது பரப்பைப் பற்றிப் பேசுதல் இரண்டுக்கும் பொதுவான பண்பு.

கல்லைப் போன்றே ஓலையும் வரியை மதித்ததில்லை. பனை மலிந்த தீவகத்தில் ஏட்டுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் ஏட்டை வீணாக்கும் வழக்கமுமில்லை. செய்யுளாயினும் உரையாயினும் எழுத்தாணி ஏட்டின் ஓரம்வரை சென்று திரும்பியது. கயிறு கோக்கும் துளையைச் சுற்றி விடப்பட்ட வெற்றிடங்கூடப் பரப்பின் தேவையேயன்றிச் சொல்லின் பிரிவன்று. புள்ளியும் இடைவெளியும் இல்லாத அவ்வெழுத்தொழுங்கிலிருந்து அடிகளை மீட்டெடுத்தது எது? செவியே. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை புதிய அடி பிறந்ததைச் செவிக்கு அறிவித்தது. சீர்களின் எண்ணும் தளையின் ஓசையும் அதனை உறுதிசெய்தன. எதுகையைச் செவிக்கு இட்ட ஓரச் சின்னம் எனல் மிகையாகாது. விருத்தத்திலும் வெண்பாவிலும் இத்துணை வலிதாக நின்றது. ஆனால் எதுகையை அடிதோறும் வேண்டாத அகவலிலும், அடியளவு வேறுபட்டுத் தனிச்சொல்லும் பயிலும் கலிப்பாவிலும் அது தளர்ந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது எதிர்கொண்ட பணி எழுத்தைச் சரிபார்ப்பது மட்டுமன்று. எவ்விடத்தில் அடி முடிகின்றது, எச்சொல் தனித்து நிற்கின்றது என்று தீர்மானிப்பதும் அப்பணியுள் அடங்கியது.

அச்சு

அச்சு வந்ததும் அடி கண்ணுக்குப் புலனாயிற்று. ஓரடிக்கு ஒரு வரி என்ற ஒழுங்கு தமிழ்ச் செய்யுட் பதிப்புகளில் நிலைபெற்றது. இது பதிப்பாசிரியர்கள் செய்த பேருதவி. எனினும் தாளின் அகலம் எல்லா அடிகளுக்கும் இடங்கொடுக்கவில்லை. எண்சீர் விருத்தத்தின் ஓரடி பெரும்பாலான பக்கங்களில் ஒரு வரியுள் அடங்குவதில்லை. ஆகவே அதனை இரண்டாக முறித்து, பிற்பாதியைச் சற்று உள்ளொதுக்கி அச்சிட்டனர். அவ்வுள்ளொதுக்கமே அங்கு மடிப்பின் சின்னம். நாளடைவில் உள்ளொதுக்கம் கைவிடப்பட்ட பதிப்புகளும் தோன்றின. அவற்றில் நான்கடி விருத்தம் எட்டு வரியாக நிற்கின்றது. அதனை எட்டடிப் பாடலென எண்ணும் மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. சின்னம் மறைந்தவிடத்துப் பரப்பின் முறிவு பாவின் முறிவாக மாறிவிடுகின்றது.

மேலைநாட்டு அச்சிலும் இதே இடர் இருந்தது. கூட்டன்பேர்க்கின் நாற்பத்திரண்டு வரி விவிலியத்தில் சொல் முறியுமிடத்து இடப்பட்ட சாய்ந்த இரட்டைக் கோடு, எழுத்து நிரலுக்கு வெளியே வலப்புற ஓரத்தில் நின்றது. 1623 இல் வெளிவந்த சேக்ஸ்பியர் நாடகத் தொகுதியிலோ, பத்தியின் அகலத்தை மீறிய செய்யுள் வரியின் எஞ்சிய சொல்லை மேல்வரியின் அல்லது கீழ்வரியின் வெற்றிடத்தில் வைத்து, அதற்கு முன் ஓர் அடைப்புக்குறியை மட்டும் இட்டனர். முன்னது ஓரத்தை நாடியது; பின்னது பனுவலுக்குள் நுழைந்தது. பின்வந்த கணினிச் சின்னங்களும் இவ்விரு வழிகளுள் ஒன்றையே பின்பற்றின.

தமிழ் அச்சு மரபில் உரைநடைக்குச் சொல்முறிவுக் கோடு இடும் வழக்கம் ஊன்றவில்லை. சொல் எவ்வெழுத்தில் முறிந்தாலும் கோடின்றியே அடுத்த வரியில் தொடரும். தமிழ் வாசகர் தடையின்றிப் படித்துச் செல்வர். இதனைக் காட்டி, தமிழுக்கு மடிப்புச் சின்னமே வேண்டியதில்லை என வாதிப்போர் உளர். உரைநடையைப் பொறுத்தவரை இவ்வாதம் ஏற்கத்தக்கது. அங்கு வரிக்குப் பொருளில்லை. வரிக்குப் பொருளுள்ள இடங்களுக்கு அதே விதியைப் பொருத்துவது தவறு. செய்யுள், புதுக்கவிதை, கணக்குப் பட்டியல், கணினி நிரல் என்பன அத்தகையன. அவற்றில் வரியின் முடிவும் ஒரு சொல்லைப்போற் பொருள் தருகின்றது.

திரை

கணினித் தொகுப்பிகளுள் இவ்விடயத்தில் நீண்ட வரலாறுடையது ஈமாக்ஸ். எழுத்துகள் மட்டுமே தோன்றும் முனையத்தில், மடிந்த வரியின் வலக்கோடியில் அது ஒரு பின்சாய்கோட்டை இடுகின்றது. இது வசதியானது, ஆனால் ஐயத்துக்கிடமானது. சி முதலிய நிரல்மொழிகளில் வரியீற்றில் நிற்கும் பின்சாய்கோடு, அவ்வரி அடுத்த வரியில் தொடர்கின்றது என நிரலாளர் தாமே எழுதும் குறியாகும். ஆகவே ஆசிரியர் இட்ட குறியும் இயந்திரம் இட்ட குறியும் ஒரே உருவங் கொள்கின்றன. எவ்வேறுபாட்டைக் காட்டச் சின்னம் பிறந்ததோ அவ்வேறுபாட்டையே அது அழித்துவிடுகின்றது.

2001 இல் வெளிவந்த ஈமாக்சின் 21 ஆம் பதிப்பு இக்குறையை நீக்கியது. வரைகலைத் திரையில் எழுத்துப் பரப்புக்கு இருமருங்கும் ஒடுங்கிய ஓரப்பட்டிகள் அமைக்கப்பட்டன. வரி மடியுமிடத்து வலப்பட்டியில் ஒரு வளைந்த அம்பும், தொடருமிடத்து இடப்பட்டியில் மற்றொரு வளைந்த அம்பும் தோன்றின. இவை எழுத்துகள் அல்ல, படங்கள். உரையை நகலெடுக்கும்போது அவை உடன்செல்வதில்லை. வரி மடியாது வெட்டுண்டு மறையும்போது வேறுவகை அம்பு தோன்றுவதால் மடிப்பும் மறைப்பும் வேறுபடுத்தப்பட்டன. நயினாதீவுச் சாசனத்தைப் பதிப்பிப்பவர் இடும் வரியெண்ணைப் போன்று இதுவும் புறத்தே நின்று பேசுகின்றது. இவ்வகையில் இது பாராட்டத்தக்க தீர்வு.

ஆயின் 2009 இல் 23 ஆம் பதிப்போடு வந்த காட்சிவரி முறை, சொல்லெல்லையில் அழகாக மடித்துவிட்டு, அம்புகளை இயல்புநிலையில் மறைத்துவிட்டது. உரைநடை எழுதுவோருக்கு அது துப்புரவான பக்கம். செய்யுள் எழுதுவோருக்கோ அது உள்ளொதுக்கம் இழந்த எண்சீர் விருத்தம். விரும்பினால் அம்புகளை மீட்டுக்கொள்ளலாம் என்பது உண்மையே. எனினும் இயல்புநிலையில் மறைந்திருப்பதைத் தேடி எடுப்போர் ஒருசிலரே.

விம் என்னும் தொகுப்பி மற்றொரு வழியைக் கொண்டது. தொடரும் வரியின் தொடக்கத்தில், எழுத்துப் பரப்பினுள்ளேயே, பயனர் விரும்பும் குறியை அது இடும். 2014 முதல் தொடரும் வரியை மூலவரியின் உள்ளொதுக்கத்துக்கு இயைய நிறுத்தவும் அதனால் இயலும். சுதந்திரம் பெரிது; பொறுப்பும் பயனரைச் சார்ந்தது. பனுவலில் வரக்கூடிய ஒன்றையே குறியாகத் தேர்ந்தால் பின்சாய்கோட்டின் கதை மீளும். கவிஞரே வரியை உள்ளொதுக்கி அமைத்திருந்தால் இயந்திரத்தின் ஒதுக்கமும் அவருடைய ஒதுக்கமும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

யாப்பும் புதுக்கவிதையும்

இக்குறைபாடுகள் தமிழிற் பெறும் கனதியைக் கைபேசித் திரையிற் காணலாம். குறள் வெண்பாவின் முதலடி நாற்சீர், இரண்டாமடி முச்சீர். மூன்று சீரே அடங்கும் திரையில் அது மூன்று, ஒன்று, மூன்று என மூன்று வரியாகும். நடுவில் தனித்து நிற்கும் சீர் பார்வைக்குத் தனிச்சொல் போலத் தோன்றும். நேரிசை வெண்பாவின் இரண்டாமடி ஈற்றில் உண்மையாகவே தனிச்சொல் உண்டு. பதிப்பாளர் சிறு கோடிட்டு அதனை வேறுபடுத்துவர். திரை உண்டாக்கிய போலித் தனிச்சொல்லும் யாப்பு வேண்டிய மெய்த் தனிச்சொல்லும் அருகருகே நிற்கும்போது, யாப்பைப் புதிதாகக் கற்பவர் எதனை நம்புவார்? இரண்டு சீரே அடங்கும் திரையில் நிலைமண்டில ஆசிரியப்பா முழுவதும் குறளடிகளாகப் பிரிந்து, பார்வையளவில் வஞ்சிப்பாவின் தோற்றத்தைப் பெறும். எழுத்தொன்றும் மாறவில்லை, பா மாறிவிட்டது.

மரபுப் பாவுக்கு ஓசையாவது துணைநிற்கும். ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் அடி தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். ஈழத்துக் கவிதையில் மஹாகவி (1927–1971), யாப்பின் அடியைப் பேச்சோசைக்கு இயையப் பல வரிகளாக முறித்து அமைத்தபோதும், உள்ளே யாப்பு ஒலித்துக்கொண்டேயிருந்தது. அங்கு வரி கவிஞரின் கருவியாயிற்று; அடியும் சிதையவில்லை. புதுக்கவிதைக்கு இத்துணை இல்லை. எதுகையையும் தளையையும் துறந்த கவிதையிற் கவிஞர் கையில் எஞ்சியவற்றுள் முதன்மையானது வரியின் முடிவே. எங்கு நிறுத்துகின்றார், எங்கு ஒரு சொல்லைத் தனியே விடுகின்றார் என்பதே அதன் இலக்கணம்.

புங்குடுதீவைச் சேர்ந்த சு. வில்வரத்தினம் (1950–2006) 1995 இல் வெளியிட்ட ‘காற்றுவழிக் கிராமம்’ இங்கு நினைக்கத்தக்கது. மக்கள் இடம்பெயர்ந்து வெறுமையுற்ற ஊரே அத்தொகுதியின் களம். ஆளற்ற வீட்டையும் முற்றத்தையும் பாடும் கவிதையில் வரியின் பின் நிற்கும் வெற்றிடமும் பேசுவதாகும். தீவகத்தை விட்டுச் சென்றோரும் அவர்தம் பிள்ளைகளும் இன்று உலகின் பல திசைகளில் இருந்து இத்தகைய கவிதைகளைக் கைபேசியில் வாசிக்கக்கூடும். அத்திரையில் ஒரு சொல் தனித்து நின்றால், அது கவிஞர் விட்ட மௌனமா, இடமின்மையால் விழுந்த எச்சமா என்று அறிய வழியில்லை. ஊரை இழந்தவருக்கு அவ்வூரைப் பாடிய கவிதையின் மூச்சையும் சரியாகக் கொடுக்காத சாதனம் குறையுடையதே. சிறிய ஓரச் சின்னத்தின் பெறுமதி இங்குதான் தெளிவாகின்றது. ஒரு பனுவல் தன் அடியைத் தானே உணர்த்தும் ஆற்றல் எவ்வளவு குறைகின்றதோ, அவ்வளவுக்குச் சின்னத்தின் தேவை கூடுகின்றது.

சின்னத்தின் இலக்கணம்

தமிழுக்கேற்ற மடிப்புச் சின்னம் எத்தகையதாக இருத்தல் வேண்டும்? மேற்கூறியவற்றிலிருந்து சில வரையறைகளைப் பெறலாம்.

முதலாவது, அது பனுவலுக்குப் புறத்தே நிற்றல் வேண்டும், நகலெடுக்கும்போது உடன்செல்லலாகாது. வரியெண்ணும் ஈமாக்சின் ஓரப்பட்டியும் காட்டும் நெறி இது.

இரண்டாவது, இடப்புறச் சின்னம் இன்றியமையாதது. வலப்புறச் சின்னம் துணையானது. வரியீற்றை அடையும் கண் இயல்பாகவே அடுத்த வரிக்குத் தாவும். இது புதியதா, தொடர்ச்சியா என்னும் ஐயம் புதிய வரியின் தொடக்கத்திலேயே எழுகின்றது. ஐயம் எழுமிடத்தில் விடை நிற்பதே முறை.

மூன்றாவது, அது தமிழெழுத்தின் சாயலைத் தவிர்த்தல் வேண்டும். ரோமன் எழுத்துகளில் நேர்கோடுகள் மிகுதி. அவற்றருகே வளைந்த அம்பு வேற்றுருவாகத் தனித்துத் தோன்றும். தமிழெழுத்தோ சுழியும் வளைவும் நிறைந்தது. விசிறியும் கொம்பும் சுழியும் நிறைந்த வரியருகே எட்டுப் புள்ளி அகலத்தில் வரையப்படும் வளைந்த அம்பு, மங்கலான பார்வைக்கு மற்றொரு சுழியாகத் தோன்ற இடமுண்டு. ஆகவே தமிழுக்கு வளைவு பொருந்தாது. கீழிறங்கும் ஒரு நேர்கோடும், அதன் அடியிலிருந்து வலஞ்செல்லும் ஒரு படுகோடும் சேர்ந்த முழங்கை வடிவமே தெளிவானது. அம்புத் தலையும் வேண்டியதில்லை. எட்டுப் புள்ளியுள் அது வெறும் கறையாகிவிடும்.

மரபில் உள்ள குறியொன்றையே எடுத்தாளலாமே எனக் கருதுவோர் ‘மேற்படி’யைக் குறிக்கும் ௸ என்பதைச் சுட்டக்கூடும். கணக்கேடுகளிலும் உறுதிகளிலும் வழங்கிய இக்குறி 2003 இல் ஒருங்குறியிலும் இடம்பெற்றது. பழைமையின் கவர்ச்சி இதற்கு உண்டு. எனினும் மேற்படி என்பது மேலே சொன்னது மீள்கின்றது என்னும் பொருளது. மேலே தொடங்கியது தொடர்கின்றது என்னும் பொருளதன்று. மீள்தலும் தொடர்தலும் வேறு. அன்றியும் அது சுழிகள் நிறைந்த எழுத்துருவாகையால் முன்கூறிய விதிக்கும் மாறானது.

நான்காவது, சின்னம் எங்கு நிற்கலாம் என்பதைத் தமிழெழுத்தின் அலகே தீர்மானித்தல் வேண்டும். கணினியில் ‘கொ’ என்பது ககரமும் அதன்பின் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகின்றது. குறியெண்களை மட்டும் எண்ணி வரியை மடிக்கும் நிரல், ககரத்தை மேலும் உயிர்க்குறியைக் கீழும் விடக்கூடும். அநாதையான அக்குறி புள்ளிவட்டமொன்றைப் பற்றிக்கொண்டு நிற்கும். கல்லிற் கொம்பு மேலே நின்று மெய் கீழே சென்றது. திரையில் மெய் மேலே நின்று கொம்பு கீழே செல்கின்றது. கல்லில் விடுபட்டதை வாசிப்போன் கூட்டிப் படித்தான். திரையில் அது எழுத்தாகவே இல்லாது போகின்றது. முறிக்கக்கூடாத இடத்தில் முறித்துவிட்டு அருகே அழகிய சின்னமிடுவதாற் பயனில்லை.

ஐந்தாவது, அது அடக்கமாக நிற்றல் வேண்டும். எழுத்தினும் மங்கிய நிறத்தில், தேடும் கண்ணுக்குத் தெரிவதாயும் தேடாத கண்ணை உறுத்தாததாயும் அமைதல் நன்று. உரைநடையில் அது மறைந்திருக்கலாம். செய்யுளிலும் நிரலிலும் இயல்புநிலையிலேயே தோன்றுதல் வேண்டும்.

இவ்வைந்தையும் ஒருங்கே நிறைவேற்றுவது பெரிய தொழில்நுட்பத்தை வேண்டுவதன்று. ஓரப்பட்டி ஏற்கெனவே உண்டு. அதில் வேறு படம் வரையவும் ஈமாக்ஸ் இடந்தருகின்றது. வேண்டுவது, அடிக்கும் வரிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர் அப்படத்தை வரைவதே. யாப்பு கற்போர் கணினியைத் தமக்குப் புறம்பானதென ஒதுக்குவதும், நிரல் எழுதுவோர் யாப்பைப் பழங்கதையென ஒதுக்குவதும் தொடருமாயின், நான்கடி எட்டாவதும் குறள் மூன்று வரியாவதும் வழக்காகிவிடும். ஏட்டிலிருந்து அடியை மீட்க ஒரு தலைமுறைப் பதிப்பாசிரியர் தம் கண்ணொளியைச் செலவிட்டனர். அவர்கள் மீட்டுத்தந்ததைத் திரையில் இழவாமற் காப்பதற்கு எட்டுப் புள்ளி அகலமுள்ள ஒரு முழங்கைக் கோடு துணைபுரியுமாயின், அதனை வரைவதும் தமிழ்ப் பதிப்புப் பணியின் ஒரு பகுதியேயாகும்.